அரை லிட்டர் தாகம்

கடமலைக்குண்டு
11.10.1998

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை மதீனா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. என்னோடு பேச மாட்டேன் என்றுதான் நீ சத்தியம் பண்ணினாய். நான் எழுதினால் படிக்க மாட்டேன் என்று பண்ணவில்லை. என் மகள் ஷர்மினை உன் மகன் அல்தாப்புக்குக் கேட்டு வந்தாய். "புள்ள காலேஜ் படிக்கட்டும்ணே" என்றேன். அதற்காக இரண்டு வருடமாக வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறாய். இருந்துகொள். நான் எழுதுகிறேன்.

என் இரண்டு கிட்னியும் போய்விட்டன அண்ணே. ஊரில் யாராவது சொல்லி உன் காதுக்கு வந்திருக்கும். கால் வீங்கியபோது அதிகம் நின்ற வீக்கம் என்றேன். முகம் வீங்கியபோது தூக்கம் கெட்ட வீக்கம் என்றேன். விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது, அதற்கும் ஏதோ ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். மதுரைக்குப் போய்ப் பார்த்தபோது, பல வருடமாகப் பிரஷர் ஏறிக் கிடந்ததில் இரண்டும் சுருங்கிப்போய்விட்டன என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வாரம் இரண்டு தடவை பஸ் ஏறி மதுரை போய் மிஷினோடு படுக்கிறேன். ஒரு குழாயில் ரத்தம் வெளியே போகிறது, கழுவி இன்னொரு குழாயில் உள்ளே வருகிறது. உன் மச்சான் ஷரீப் தையல் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வருகிறார்.

அதெல்லாம் பழகிவிட்டது. தாகம்தான் பழகவில்லை. மூத்திரம் அநேகமாக நின்றேவிட்டது. உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லை என்பதால் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் குடிக்க வேண்டும் என்று உத்தரவு. காப்பி, ரசம், மாத்திரை முழுங்கும் தண்ணீர் எல்லாம் அந்த அரை லிட்டருக்குள்ளே அடக்கம். ஷர்மின் காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிட்டுத்தான் தேனிக்குக் காலேஜ் போகிறாள். அந்தப் பாட்டிலைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது. அடுத்த வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

உன்னிடம் எதையும் கேட்டு எழுதவில்லை. சொல்ல வேண்டும் போல இருந்தது.

மதீனா


உத்தமபாளையம்
20.10.1998

மதீனாவுக்கு, ராஜா முகம்மது எழுதியது. வ அலைக்குமுஸ் ஸலாம்.

இது பேச்சில் சேராது. எழுத்து வேறு, பேச்சு வேறு. சத்தியம் அப்படியே இருக்கிறது, அதை முதலில் தெரிந்துகொள்.

உன் கடுதாசியை உன் அண்ணி ஷாஜியாதான் பிரித்தாள். பாதியிலேயே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். மீதியை நான் வாசித்தேன். எனக்கு அழுகையெல்லாம் வரவில்லை. அன்றைக்குத் தோட்டத்தில் மருந்தடித்த நாள், கண் எரிந்துகொண்டிருந்தது.

தாகமாம் தாகம்! ஏ புள்ள, நோன்பு பிடித்து வளர்ந்த உடம்புதானே உன்னுடையது? சித்திரை வெயிலில் நோன்பு வந்த காலத்தில்கூட நீ சுருண்டு படுத்ததில்லை. ஒரு பாட்டிலுக்குப் போய் இந்தப் பாடா?

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். தண்ணி குடிக்கக் கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார்? பழம் தின்னக் கூடாது என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. நம் தோட்டத்தில் பன்னீர் திராட்சை இப்போதுதான் கருத்து நிற்கிறது. தேனி பஸ் கண்டக்டர் ஒச்சாண்டியிடம் ஒரு பெட்டி கொடுத்துவிட்டிருக்கிறேன், அவன் அங்கிருந்து கடமலைக்குண்டு பஸ்ஸில் மாற்றி ஏற்றிவிடுவான். நாக்கு வறண்டால் வாயில் நாலு பழத்தைப் போடு. தண்ணீர்ப் பாட்டில் பக்கமே போகாதே. வாரா வாரம் பெட்டி வரும்.

எந்த டாக்டருக்காவது இந்த யோசனை வந்ததா பார். திராட்சைக்காரனுக்குத்தான் வரும்.

ராஜா முகம்மது


மதுரை
12.11.1998

யோசனைக்கார அண்ணனுக்கு, ஸலாம்.

உன் யோசனை என்னை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டது. பயப்படாதே, எழுந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

முதல் பெட்டி வந்ததும் அழுதேன். இரண்டு வருடம் கழித்து அண்ணன் வீட்டுப் பழம். மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாயில் போட்டு நசுக்கினேன். அடடா, அந்தச் சாறு தொண்டையில் இறங்கியபோது இருந்த சுகத்தை என்னவென்று சொல்ல! மூன்றாவது பெட்டி வந்தபோது யாருக்கும் பங்கு கொடுக்காமல் நானே காலி பண்ணினேன். பாட்டிலில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. எனக்கு என் மேலேயே பெருமை.

அதற்குப் பிறகு மூச்சு விட முடியவில்லை. படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறி முட்டுகிறது, உட்கார்ந்தால் கொஞ்சம் இறங்குகிறது. மதுரையில் எடை போட்டபோது ஐந்து கிலோ கூட இருந்தேன். டாக்டர் ஒரு கத்துக் கத்தினார். "என்னம்மா குடிச்சீங்க?" "ஒரு சொட்டுக்கூட அதிகமாக் குடிக்கலைங்க." பக்கத்தில் நின்ற ஷர்மின்தான் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, திராட்சைன்னா என்னன்னு நெனச்சீக? அந்தத் தோலுக்குள்ள இருக்கிறது அம்புட்டும் தண்ணிம்மா! மாமாதான் அனுப்புனாகன்னா உங்களுக்கு எங்க போச்சு புத்தி?" அது மட்டுமில்லையாம், பழத்தில் உள்ள ஏதோ ஒரு உப்பு ரத்தத்தில் ஏறினால் நெஞ்சுத் துடிப்பையே நிறுத்திவிடுமாம்.

நீ அனுப்பினாய், நான் தின்றேன். ஆளுக்குப் பாதி. அதோடு விட்டுவிடு.

மிஷினில் கிடந்தபோது ஷர்மின் எனக்குப் பாடம் எடுத்தாள். நம் உடம்பில் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி சதையின் நுணுக்கமான அறைகளுக்கு உள்ளே இருக்கிறதாம். இன்னும் கொஞ்சம் அந்த அறைகளுக்கு இடையே. ரத்தத்தில் ஓடுவது அதைவிடக் கொஞ்சம். மூன்றும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும், உப்பு எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். மிச்சத்தை வெளியே அனுப்புவதுதான் கிட்னியின் வேலை. எனக்கு அனுப்ப ஆளில்லை. அதனால் அது இடையிலே தங்கிக் காலை வீங்க வைக்கிறது, நுரையீரலை நிரப்புகிறது. மிஷின் அவசரமாக இழுத்தால் ரத்தத்தில் உள்ள தண்ணீர்தான் முதலில் போகிறது. சதையில் தேங்கியது மெதுவாகத்தான் ரத்தத்துக்கு வந்து சேரும். அதற்குள் பிரஷர் இறங்கி, கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்து, நான் போடுகிற கூச்சலில் அடுத்த கட்டிலில் இருக்கும் பஞ்சம்மாள் அக்காவும் சேர்ந்து கூச்சல் போடுகிறாள். உடம்பு பூராவும் தண்ணீர், தொண்டையில் தாகம். இந்தக் கூத்தை நான் எங்கே போய்ச் சொல்ல?

இப்படியே மிஷினை நம்பி வெகுகாலம் ஓட்ட முடியாது, யாராவது ஒரு கிட்னி கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷரீப்புக்கு ரத்த வகை சேரவில்லை. ஷர்மின் தான் தருகிறேன் என்றாள். "வாயக் கழுவுடி" என்றேன். கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். "ஒரு அண்ணன் இருக்காக. ஆனா எங்கூடப் பேச மாட்டாக" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பேச்சு எதுக்கும்மா? கிட்னி போதுமே" என்றார்.

சிரித்துவிட்டேன். அதனால்தான் எழுதினேன். கேட்கவில்லை.

மதீனா


உத்தமபாளையம்
30.11.1998

மதீனாவுக்கு ஸலாம்.

கேட்கவில்லை, கேட்கவில்லை என்று எத்தனை தடவைதான் எழுதுவாய்? நீ கேட்டால்தான் எனக்குத் தெரியுமா?

போன வாரம் மதுரைக்குப் போய் வந்தேன். நீ மிஷினில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போனேன், எதிரே வந்தால் வாய் தவறிப் பேசிவிடுவேனோ என்று பயம். ரத்தம் எடுக்க ஊசியைக் கொண்டுவந்தார்கள். என் மீசையைப் பார்த்து அந்த நர்ஸம்மா சும்மா குத்திவிட்டது. அதற்குப் பிறகு கண் முழித்தபோது நான் பெஞ்சில் கிடந்தேன், முகமெல்லாம் தண்ணீர். இதை ஒச்சாண்டியிடம் சொல்லிவிடாதே. கம்பம் வரைக்கும் டிக்கெட்டோடு சேர்த்து இந்தக் கதையையும் கொடுப்பான்.

என் ரத்தமும் உன் ரத்தமும் ஒரே வகை. திசுப் பரிசோதனையும் ஒத்துப்போகிறது. டாக்டர் எனக்கே கை கொடுத்தார். "ஒண்ணு போதுங்களா, ஒண்ணை வச்சுக்கிட்டு ஆளு இருக்க முடியுமா?" என்று உன் அண்ணி கேட்டாள். ஒன்றே இரண்டின் வேலையையும் பார்த்துக்கொள்ளுமாம். எடுத்துக்கொள். இடதோ வலதோ, அவர்களுக்கு எது தோதோ அது.

திராட்சை விஷயத்தை இனிமேல் யாரும் எடுக்கக் கூடாது.

ராஜா முகம்மது


கடமலைக்குண்டு
9.12.1998

அண்ணனுக்கு ஸலாம்.

உன் கடுதாசியை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. ஷரீப் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் உன் கிட்னி எனக்கு வேண்டாம் அண்ணே.

கோபப்படாமல் முழுதாகப் படி. உன் உடம்பிலிருந்து ஒரு உறுப்பை வாங்கி எனக்குள்ளே வைத்துக்கொண்ட பிறகு, நாளைக்கு நீ என் வாசலில் வந்து நின்று, "இப்பவாச்சும் புள்ளையக் குடு" என்று கேட்டால், என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? நீ கேட்கவே வேண்டாம். கேட்காமல் நின்றாலே போதும். ஊர் கேட்கும். அம்மா ஒரு கிட்னிக்காக மகளைக் கொடுத்தாள் என்று என் ஷர்மின் காலம் முழுக்கக் கேட்க வேண்டும். அவள் இப்போது மேல்படிப்புக்கு ஆசைப்படுகிறாள். எனக்குப் பாடம் சொல்லும்போது அந்தக் கண்ணைப் பார்க்க வேண்டுமே!

மகளை விலையாக வைத்துப் பிழைக்க எனக்கு மனசில்லை. அரை லிட்டரிலேயே ஓட்டிக்கொள்கிறேன். போன தடவைகூட மூச்சுத்திணறல் வந்தது, சமாளித்துவிட்டேன். உன்னைக் குறை சொல்லவில்லை. உன்னை எனக்குத் தெரியும், அதனால்தான் பயம்.

மதீனா


உத்தமபாளையம்
30.12.1998
நோன்பு

மதீனா,

ஸலாம் சொல்லக்கூட மனசில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

உன் கடுதாசியைப் படித்துவிட்டு அன்றைக்கு நோன்புக் கஞ்சியைக்கூடத் தொடவில்லை. அவ்வளவு கேவலமானவனா உன் அண்ணன்? கிட்னிக்குப் பெண் கேட்கிறவனா? தோட்டத்தில் போய் அங்கன இங்கன நடந்தேன். வேலையாள் மலைச்சாமி கொடியை வெட்டிக் கவாத்துப் பண்ணிக்கொண்டிருந்தான், அவனை ஒரு காரணமும் இல்லாமல் திட்டினேன். அப்புறம் யோசித்தேன். அவள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கத்தானே செய்கிறது என்று தோன்றியது. நான் கேட்க மாட்டேன். ஆனால் கேட்க மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்தாலும் நீ நம்ப மாட்டாய், பயத்தோடுதான் பிழைத்துக் கிடப்பாய்.

அதனால் ஒரு வேலை பார்த்திருக்கிறேன். சின்னமனூரில் அல்தாப்புக்குப் பெண் பேசி முடித்தாயிற்று. பரிசம் போட்டுக் கை நனைத்தாயிற்று. கல்யாணம் ஆனியில். பையனைக் கூப்பிட்டு, கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன். அந்தப் பயல் என்ன செய்தான் தெரியுமா? என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். "அத்தா, நானும் ஷர்மினும் சின்னப் புள்ளயில இருந்து அடிச்சுக்கிட்டவங்க. அவளக் கட்டிக்கன்னு நீங்க சொன்னப்பவே எனக்கு எங்கயாச்சும் ஓடிரலாம்னு தோணுச்சு. உங்க கோவத்துக்குப் பயந்துதான் வாயத் தொறக்கல" என்கிறான்! இவனுக்காகவா நான் இரண்டு வருடம் உன்னோடு பேசாமல் கிடந்தேன்? உன் அண்ணி அடுப்படியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

இப்போது சொல். வாசலில் வந்து நின்று கேட்பதற்கு எனக்கு மகனும் மிச்சமில்லை. வாங்கிக்கொள்கிறாயா, இல்லையா? உன் மகள் எதுவரைக்கும் வேண்டுமானாலும் படிக்கட்டும், என் கிட்னியை முதலில் கழற்றிக்கொள்ளுங்கள்.

ராஜா முகம்மது


மதுரை, ஆஸ்பத்திரி
25.2.1999

(நர்ஸ் மாரீஸ்வரி கையில் கொடுத்தனுப்பியது)

மதீனா, ஒரு வழியாக நீ சரி என்று தலையாட்டி, நேற்று என்னுடையதைக் கழற்றி உனக்கு வைத்தாயிற்று. நான் ஆண்கள் வார்டில் இருக்கிறேன். விலாவில் நெருப்பை வைத்தது போல இருக்கிறது, இருமினால் உயிர் போகிறது. அதை விடு. வந்துச்சா? கேட்டால், "டாக்டர் வந்து சொல்வாக" என்கிறார்கள். டாக்டர் எப்போது வருவது? வந்துச்சா வரலையா, ஒரு வார்த்தை எழுது.

ரா.மு.


அதே நாள்

அண்ணே! வந்துருச்சு! வந்துருச்சுண்ணே!

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்தைக் குறை சொல்லாதே. ஆபரேஷன் மேஜையிலேயே வந்துவிட்டதாம். உன் கிட்னியை என் அடிவயிற்றில் வைத்து, ரத்தக் குழாயை இணைத்து, பிடியை விட்டதும் வெளுத்துக் கிடந்தது ரோஸ் நிறமாக மாறியதாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூத்திரம் பீச்சி அடித்துப் பெரிய டாக்டரின் கையுறையெல்லாம் நனைந்ததாம். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்களாம். மூத்திரத்துக்குக் கை தட்டினார்கள் அண்ணே!

கட்டிலோரம் பை தொங்குகிறது. மாரீஸ்வரி வந்து அளக்கிறாள், கொட்டுகிறாள், திரும்புவதற்குள் மறுபடி நிறைகிறது. போகிற அளவுக்கு ஈடாக டிரிப்பில் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள், ஓட்டம் தானாக நிதானப்படும்வரை அப்படித்தானாம். "என்னக்கா இது, முல்லையாத்துல மதகத் தொறந்து விட்டாப்ல ஓடுது. யாரு கிட்னி இது?" என்று கேட்டாள். உத்தமபாளையம் ராஜா முகம்மதுவின் கிட்னி, அப்படித்தான் அடங்காது என்றேன்.

கால் வீக்கம் இறங்குகிறது. என் கணுக்கால் எலும்பைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று! அதைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறேன். இது துக்கமில்லை.

மதீனா


1.3.1999

மதீனா, எனக்கு இங்கே எதிர்த்தண்டனை. தண்ணி குடி, நிறையக் குடி என்று விரட்டுகிறார்கள். ஒவ்வொரு டம்ளரையும் எடுக்கும்போது உன் பாட்டில் ஞாபகம் வருகிறது, இறங்க மாட்டேன் என்கிறது. நாளைக்கு என்னை அனுப்பிவிடுவார்கள்.

உன் கடுதாசியை வார்டு பூராவும் வாசித்துக் காட்டிவிட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மாவாசித் தேவர், வாய்விட்டுச் சிரித்ததில் தையல் பிரிந்துவிடும் போல ஆயிற்று.

ரா.மு.


2.3.1999

அண்ணே, வீட்டுக்குப் போகும் முன்னால் என் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாய். விலாவைப் பிடித்துக்கொண்டு வளைந்து நின்றாய். உன் உதடு அசைந்தது, நான் பார்த்தேன். சத்தியம் உடைந்ததா? என்ன சொன்னாய்?

மதீனா


உத்தமபாளையம்
8.3.1999

உடையவில்லை. துஆ ஓதினேன். அல்லாவிடம் பேசுவதற்குச் சத்தியத்தில் தடை இல்லை.

ரா.மு.


உத்தமபாளையம்
12.6.1999

அன்புத் தங்கை மதீனாவுக்கு, அண்ணன் ராஜா முகம்மது எழுதியது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்தாப் கல்யாணத்துக்கு நீ வர வேண்டும். மாப்பிள்ளையின் அத்தை முன்னால் நிற்காமல் நிக்காஹ் நடக்காது. ஆனால் பேசாத அண்ணன் வீட்டுக்கு நீ எப்படி வருவாய்? அதனால் பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்திடம் கேட்டேன். சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சோறு போட வேண்டும், அதுதான் பரிகாரம் என்றார். அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றார். இதைக் கேட்க எனக்கு இரண்டரை வருடம் ஆகியிருக்கிறது பார்.

"அப்ப இன்னைக்கே சோறு போட்டுர்றேன், நாளைக்குப் பேசிக்கிறேன்" என்றேன். "இல்லப்பா, மொதல்ல தங்கச்சிகிட்டப் பேசு. பேசி முறிச்ச பெறகுதான் சோறு" என்று சொல்லிவிட்டார்.

அதனால் கல்யாணத்துக்கு முன்னாலேயே, வருகிற இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா. மச்சானும் ஷர்மினும் கூட வர வேண்டும். அவளிடம் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்ட வேண்டும், எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. பிரியாணிக்குச் சொல்லியாயிற்று. பத்துப் பேரும் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள், நீ வந்து நான் வாய் திறக்கும்வரை யாருக்கும் இலை போட முடியாது. பஸ்ஸை விட்டுவிட்டு அத்தனை பேரையும் பசியில் வைத்துவிடாதே.

திராட்சை கழுவித் தின்னலாம் என்று உன் டாக்டர் சொல்லிவிட்டதாக ஒச்சாண்டி சொன்னான். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. ஒரு பெட்டி தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இதுதான் கடைசிக் கடுதாசி. இனிமேல் எழுத என்ன இருக்கிறது? பஸ் ஸ்டாண்டுக்கு வர மாட்டேன், கூட்டத்தில் கண் கலங்கினால் மானம் போகும். வீட்டு வாசலில் நிற்பேன். உன் அண்ணி காய்ச்சி ஆற வைத்த தண்ணீர், பெரிய செம்பில், விளிம்பு வரைக்கும். அன்றைக்கு நான் மரமாக நின்றாலும் நின்றுவிடுவேன். அதனால் என் முதல் பேச்சை இப்போதே எழுதிவிடுகிறேன், செம்பை நீட்டும்போது கேட்டதாக நினைத்துக்கொள்:

"குடி தாயி. அளக்காமக் குடி."